சுற்றுச்சூழற் கல்வியும் மாணவர் மனக்குறையும்

கல்வியைப் பற்றி மாணவர் கூறும் குறைகளை இருவகையாகப் பிரிக்கலாம். பாடம் கடினமாக இருக்கிறது என்பது ஒரு வகை. பாடம் ஒழுங்கின்றி இருக்கிறது என்பது மற்றொரு வகை. முன்னது எக்காலத்தும் உள்ளது. இலக்கணம் கசக்கிறது என்றும், கணக்கு வரவில்லை என்றும் சொல்லாத மாணவர் தலைமுறை எந்நாட்டிலும் இருந்ததில்லை. அதனைக் கேட்டு ஆசிரியர் புன்னகை புரிந்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்து நடத்தலாம். பின்னதை அவ்வாறு தள்ளிவிட முடியாது. பாடம் கடினம் என்பவன் தன் ஆற்றலைப் பற்றிப் பேசுகிறான். பாடத்தில் ஒழுங்கில்லை என்பவனோ பாடத்தைப் பற்றியே பேசுகிறான். அவன் கூற்று உண்மையா என ஆராய்ந்து காண்பது கற்றோர் கடமையாகும்.

இந்தியக் கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக வைக்கப்பட்டுள்ள சுற்றுச்சூழற் கல்வியைப் பற்றி எழும் குறை இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. தமிழ் இலக்கியம் பயில்பவராயினும், வணிகவியல் பயில்பவராயினும், பொறியியல் பயில்பவராயினும், பட்ட வகுப்பு மாணவர் இதனைப் படித்துத் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தமிழ்நாட்டிற்குச் சென்று பட்டப் படிப்புப் பயிலும் நம் நாட்டு இளைஞரும் இப்பாடத்தைச் சந்திக்கவே செய்கின்றனர். ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் படிக்கும் ஒரு பாடம் அவர்கள் உள்ளத்தில் எதனை விட்டுச் செல்கிறது? தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிட்டோம் என்பதுதான் பெரும்பாலும் நம் காதில் விழும் விடை.

இவ்விடையைக் கேட்டு வாளா இருத்தல் தகாது. குடிக்கும் நீரையும், மூச்சுவிடும் காற்றையும், சோறு தரும் நிலத்தையும் பற்றிய பாடம் அது. அதனையே ஓர் இளைஞன் வெறுத்து ஒதுக்குவானாயின், குறை அவனிடம் உள்ளதா, பாடத்தில் உள்ளதா, பாடம் நடத்தும் முறையில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

பாடம் பிறந்த வரலாறு

இப்பாடத்தை முதலில் வேண்டியவர்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் அல்லர், நீதிபதிகளே. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கொன்றில், 1991ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகளைக் கட்டணமின்றிக் காட்டுதல் வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் சிறிது நேரம் இதற்கென ஒதுக்குதல் வேண்டும். பள்ளிகளில் இதனைக் கட்டாயப் பாடமாக்குதல் வேண்டும். கல்லூரிகளிலும் அவ்வாறு செய்ய இயலுமா எனப் பல்கலைக் கழக மானியக் குழு ஆராய்தல் வேண்டும் என்பன அவ்வாணையின் சாரம்.

நீதிமன்றம் இத்துணை அக்கறை கொண்டது ஏன்? நீர் மாசுபாட்டைத் தடுக்க 1974இல் சட்டம் வந்தது. காற்று மாசுபாட்டிற்கு 1981இல் சட்டம் வந்தது. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். அதன் பின்னர் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தும் ஆறுகள் தெளியவில்லை. மக்கள் உணர்ந்து ஏற்காத சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதை நீதிபதிகள் கண்டனர். எனவே, நீதிமன்றம் கல்லூரியின் உதவியை நாடியது. பொறுப்புணர்ந்த குடிமக்களை உருவாக்குவதே அதன் வேட்கை.

ஆணை பிறந்த வேகத்தில் பாடம் பிறக்கவில்லை. 2003ஆம் ஆண்டில் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. மானியக் குழு அமைத்த வல்லுநர் குழு, எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தளித்தது. புனே நகரத்து அறுவை மருத்துவரும் இயற்கை ஆர்வலருமாகிய டாக்டர் எரக் பரூச்சா அதற்கெனப் பாடநூல் எழுதினார். அந்நூல் எளிமையாகவும் அக்கறையோடும் எழுதப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆசிரியரும் மாணவரும் வகுப்பறையை விட்டு வெளியே சென்று காண வேண்டும் என்ற எண்ணம் பாடத்திட்டத்திலும் நூலிலும் உண்டு. ஆகவே, நோக்கத்தில் குறை காண நாம் முற்படவில்லை. அந்நோக்கம் எந்த இடத்தில் வழி தவறிற்று என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

ஐம்பது விரிவுரைகள்

பாடத்திட்டம் எட்டு அலகுகளைக் கொண்டது. இத்துறை பல துறைகளின் கூட்டு என விளக்கும் முதல் அலகிற்கு 2 விரிவுரைகள். இயற்கை வளங்களுக்கு 8, உயிர்ச்சூழல் அமைப்புகளுக்கு 6, பல்லுயிர் வளத்திற்கு 8, மாசுபாட்டிற்கு 8, சமுதாயச் சிக்கல்களுக்கு 7, மக்கள் தொகைக்கு 6, இறுதியாகக் களப்பணிக்கு 5. ஆக மொத்தம் 50. தேர்வு 100 மதிப்பெண்களுக்கு: குறுவினாக்கள் 25, கட்டுரை வினாக்கள் 50, களப்பணி 25.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இதில் குறையொன்றும் தோன்றாது. உள்ளே புகுந்து பார்த்தல் வேண்டும். ஆறாம் அலகை எடுத்துக்கொள்வோம். நீடித்த வளர்ச்சி, நகரங்களின் எரிசக்திச் சிக்கல், மழைநீர்ச் சேகரிப்பு, இடம் பெயர்க்கப்பட்ட மக்களின் மறுவாழ்வு, சூழல் அறம், பருவநிலை மாற்றம், அமில மழை, ஓசோன் படலச் சிதைவு, அணு விபத்துகள், தரிசு நில மீட்பு, நுகர்வு வேட்கை, இவற்றோடு ஐந்து சட்டங்கள், அச்சட்டங்களை நிறைவேற்றுவதில் உள்ள இடர்ப்பாடுகள்! இவை அனைத்தையும் ஏழு விரிவுரைகளில் முடித்தாக வேண்டும். மறுவாழ்வு என்னும் ஒரு சொல்லுக்குப் பின்னால், அணைக்கட்டுகளுக்காக ஊரை இழந்தவர்களின் வாழ்க்கை முழுவதும் நிற்கிறது. அதற்கு வகுப்பறையில் கிடைப்பதோ அரை மணி நேரங்கூட இல்லை.

ஏழாம் அலகு இன்னும் வியப்பைத் தருவது. மக்கள் தொகைப் பெருக்கத்தோடு தொடங்கும் அவ்வலகில், மனித உரிமை, ஒழுக்கக் கல்வி, எய்ட்ஸ் நோய், மகளிர் நலம், குழந்தை நலம், தகவல் தொழில்நுட்பம் ஆகிய யாவும் வந்து அமர்ந்துள்ளன. இவை ஒவ்வொன்றும் அறிய வேண்டியனவே, ஐயமில்லை. ஆனால், எந்த உறவு பற்றி இவை ஒரே கூரையின் கீழ்க் கூடின? விருந்துக்கு வந்தவர் அனைவரும் நல்லவராக இருக்கலாம். ஒருவரை ஒருவர் அறியாராயின், அக்கூட்டத்தைக் குடும்பம் என்று கூறுதல் பொருந்துமா?

ஒரு பாடத்தில் ஒழுங்கு உண்டா, இல்லையா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதன் பகுதிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தல் வேண்டும். நம் இலக்கணத்தில் எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லுக்குச் செல்ல முடியுமா? கணக்கில் கூட்டலுக்கு முன்னர்ப் பெருக்கலைக் கற்பிக்க முடியுமா? முடியாது. முன்னது அறிந்தாலன்றிப் பின்னது விளங்காது. இப்பாடத்திட்டத்திலோ நான்காம் அலகை இரண்டாம் அலகாக்கலாம்; ஏழாம் அலகை மூன்றாம் அலகாக்கலாம்; ஒன்றும் குலையாது. எப்பகுதியை எங்கு வைத்தாலும் பொருள் கெடாத ஒன்றைப் பட்டியல் என்றுதான் சொல்லுதல் வேண்டும். பாடத்தில் கோவை இல்லை என்று மாணவன் முறையிடும்போது, அவன் இந்த உண்மையைத்தான் தன் மொழியில் சொல்கிறான்.

மாணவர் முறையீடு

மாணவர் கூறும் குறைகளை இனி வரிசைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, ஆசிரியர் பற்றியது. பாடம் வந்தது, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் வரவில்லை. பல கல்லூரிகளில், எந்தத் துறை ஆசிரியருக்கு வாரத்தில் சில மணி நேரம் மிச்சமிருக்கிறதோ, அவர் தலையிலே இப்பாடம் வந்து விழுகிறது. தாவரவியல் ஆசிரியர் காடுகளைப் பற்றி ஆர்வத்தோடு பேசிவிட்டுச் சட்டங்களைத் தாண்டிச் செல்கிறார். வேதியியல் ஆசிரியர் அமில மழையை நன்கு விளக்கிவிட்டுப் பல்லுயிர் வளத்தைப் படித்துக்கொள்ளுங்கள் என்கிறார். வணிகவியல் ஆசிரியரோ பாடநூலைக் கையில் எடுத்து வாசித்துக்காட்டுகிறார். இதில் ஆசிரியப் பெருமக்களைப் பழித்துப் பயனில்லை. தாம் கல்லாத ஒன்றைக் கற்பிக்குமாறு பணிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இரண்டாவது, நேரமும் இடமும் பற்றியது. மாணவர் களைத்திருக்கும் கடைசி மணி நேரம், அல்லது சனிக்கிழமை. மூன்று நான்கு வகுப்பினரை ஒன்றாகத் திரட்டிய பெரிய மண்டபம். பின்வரிசைக்கு எட்டாத ஒலிபெருக்கி. கால அட்டவணையில் ஒரு பாடத்திற்குக் கிடைக்கும் இடம், கல்லூரி அதற்குத் தரும் மதிப்பின் அளவுகோலாகும். இதனை மாணவன் அறியாதவன் அல்லன்.

மூன்றாவது, கூறியது கூறல். பசுமை இல்ல விளைவும் ஓசோன் படலமும் பள்ளியிலேயே படித்தவை. அதே படங்கள், அதே இலக்கணங்கள் கல்லூரியிலும் வருகின்றன. பதினைந்து வயதில் கேட்டதைப் பத்தொன்பது வயதில் மீண்டும் கேட்பவனுக்கு உறக்கம் வருதல் இயல்பு. கூடுதலாக ஓர் ஏன், ஓர் எவ்வாறு அதில் இருந்தாலன்றி அவன் விழிக்கமாட்டான்.

நான்காவது, மதிப்பெண் பற்றியது. பல பல்கலைக் கழகங்களில் இப்பாடத்தில் தேர்ச்சி பெற்றால் போதும். அம்மதிப்பெண் வகுப்பு நிர்ணயத்தில் சேராது. ஆகவே, ஐந்தாறு வினா விடைகளை மனப்பாடம் செய்து தப்பித்தல் வழக்கமாயிற்று.

ஐந்தாவது குறையே எல்லாவற்றிலும் கொடியது. அது களப்பணி பற்றியது. ஓர் ஆற்றையோ, காட்டையோ, குன்றையோ சென்று காணல். மாசுபட்ட இடம் ஒன்றை ஆராய்தல். அருகிலுள்ள செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் அறிதல். குளம் போன்ற எளிய உயிர்ச்சூழல் ஒன்றைப் பயிலுதல் என நான்கு பணிகளைப் பாடத்திட்டம் விதித்துள்ளது. எவ்வளவு அழகிய திட்டம்! நடப்பதோ வேறு. பருவத்தின் இறுதியில், தேர்வு நெருங்கும் வேளையில், மூத்த மாணவரின் அறிக்கை ஒன்று கைமாறி வருகிறது. பெயரும் தேதியும் மாற்றப்படுகின்றன. அட்டை போட்டு, ரெக்கார்டு என்று சமர்ப்பிக்கப்படுகிறது. காணாத குளத்தில் காணாத மீன்கள் நீந்துகின்றன. சுற்றுச்சூழலைக் காக்கும் அறத்தைக் கற்பிக்க வந்த பாடம், பொய்யெழுதக் கற்பிக்கும் பாடமாக முடிகிறது. இதனினும் பெரிய தோல்வி ஒரு பாடத்திற்கு வேறென்ன இருக்க முடியும்?

மூன்று மறுப்புகள்

இம்முறையீட்டிற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவர் கூற்றையும் கேட்டல் முறை.

கட்டாயப் பாடம் என்றால் கசக்கத்தான் செய்யும் என்பர் சிலர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதற்பகுதியாகிய மொழிப் பாடமும், இரண்டாம் பகுதியாகிய ஆங்கிலமும் கட்டாயமே. விஞ்ஞானம் பயில வந்தவர்கள் அந்தக் கட்டாயத் தமிழ் வகுப்பில் இலக்கியச் சுவையில் ஆழ்ந்ததுண்டு. எனவே, கசப்பிற்குக் காரணம் கட்டாயம் மட்டுமன்று.

விழிப்புணர்ச்சி ஊட்டுவதே நோக்கம். ஆழம் எதற்கு என்பர் வேறு சிலர். ஆறு கெட்டுவிட்டது என்பதை உணர்த்த ஆறு மாதப் பாடம் வேண்டுமா? பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொள்ளும் சிறுவனும் அதனை அறிவான். யாரால் கெட்டது, எப்படிக் கெட்டது, தடுக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது, அவர் ஏன் தடுக்கவில்லை என்னும் வினாக்களுக்கு விடை அறிவதே கல்லூரி மாணவனுக்குரிய விழிப்பு.

மூன்றாவது மறுப்பே சிந்தனைக்குரியது. சுற்றுச்சூழலியல் பல துறைகளின் கூட்டு. வேதியியலும், உயிரியலும், சட்டமும், பொருளாதாரமும் அதில் கலந்துள்ளன. அத்தகைய துறையில் ஒரே சீரான ஒழுங்கை எதிர்பார்த்தல் ஆகாது என்பது அவர் வாதம். பல துறைகள் கலந்தமையால்தான் ஒழுங்கு மிகுதியும் வேண்டப்படுகிறது என்பது நம் விடை. மருத்துவக் கல்வியை நோக்குக. அங்கும் உடற்கூறு உண்டு, வேதியியல் உண்டு, மருந்தியல் உண்டு, மனவியலும் உண்டு. ஆயினும், மருத்துவ மாணவன் திசை தெரியாமல் தவிப்பதில்லை. கட்டிலில் கிடக்கும் நோயாளி ஒருவர், அத்தனை அறிவையும் தம் ஓர் உடலில் கூட்டிக் காட்டுகிறார். சுற்றுச்சூழற் கல்விக்கு அந்த நோயாளி யார்? ஓர் இடம். ஓர் ஆறு, ஓர் ஏரி, ஒரு சதுப்பு நிலம், ஒரு குப்பைமேடு. நோயாளியைக் கண்ணில் காட்டாது மருத்துவம் கற்பிப்பது எப்படியோ, இடத்தைக் காட்டாது சூழலியல் கற்பிப்பதும் அப்படியே. பாடத்திட்டம் வகுத்தோர் அந்த இடத்தை மறந்தாரில்லை. எட்டாம் அலகில் வைத்தனர். முதலில் நிற்க வேண்டியது இறுதிக்குத் தள்ளப்பட்டது. குழப்பம் அனைத்திற்கும் வேர் இதுவே என்பது நம் துணிபு.

பாலாறு கற்பிக்கும் பாடம்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வேலூர் வட்டாரத்துக் கல்லூரியில் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடு யாது என வினாத்தாள் கேட்குமாயின், அவன் இரண்டு வரியில் விடை எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றுவிடுவான். அக்கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளே என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக நிலைநாட்டியது 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள். அவ்வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நலமன்றம். வழக்கிற்குப் பொருளாயிருந்தது பாலாறு. தன் ஊர் மக்கள் போராடி நாட்டிற்கே பெற்றுத்தந்த சட்டத்தை, எங்கோ பிறந்த இலக்கணம் போல் அவன் மனப்பாடம் செய்கிறான்!

பாலாற்றிலிருந்து பாடம் தொடங்கட்டும். கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியே வந்து, வயலூருக்கு அருகில் கடலை அடைவது அது. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சி தரும்; நீர் மணலின் அடியில் ஊறும். இங்கேயே நிலவியலும் நீரியலும் தொடங்கிவிட்டன. மாணவன் முதல் நாளிலேயே ஒன்றை அறிகிறான்: இவ்வாற்றில் கலக்கும் கழிவு கண்ணுக்குத் தெரியும் வெள்ளத்தோடு ஓடிவிடாது, மணலுக்குள் இறங்கிக் கிணற்றைச் சேரும்.

அடுத்துத் தோல் பதனிடும் தொழில். பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் உப்பு இடுவர். பதனிடுமுன் கழுவும்போது அவ்வுப்பு வெளியேறுகிறது. பின்னர் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும், பதனிடக் குரோமிய உப்பும் பயன்படுகின்றன. முற்காலத்தில் ஆவாரம்பட்டை செய்த வேலையைக் குரோமியம் ஏற்றுக்கொண்டது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் வேண்டும் என்று அத்தீர்ப்பே கூறுகிறது. இது வேதியியல்.

உப்பு நீர் வயலில் பாய்ந்தால் நேர்வது என்ன? சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து மண்ணை இறுகச் செய்கிறது. நீர் உள்ளே இறங்காது. இறங்கிய நீரையும் வேர் உறிஞ்ச இயலாது. தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் 467 கிணறுகளை ஆராய்ந்தபோது 350 கிணறுகள் கெட்டிருந்தன என்பதும் அதே தீர்ப்பில் காணப்படும் செய்தி. இது மண்ணியல், இதுவே உழவரின் துயர வரலாறும் ஆகும்.

ஆலையை மூடிவிட்டால் தீர்ந்ததா? பல்லாயிரவர் அத்தொழிலால் உண்கின்றனர்; ஏற்றுமதியால் நாட்டிற்கு அந்நியச் செலாவணி வருகிறது. இதனை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆயினும், மக்கள் உடல்நலத்தை அழித்துத் தொழில் வளர்வதற்கு உரிமையில்லை என்றது. ஆலைக்கு 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பை மதிப்பிட்டு ஈடு பெற்றுத்தர ஓர் ஆணையம் அமைக்கப் பணித்தது. அத்துடன் கதை முடிந்துவிட்டதா என்றால், அதுவுமில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. தீர்ப்பு இருந்தும் ஆறு ஏன் தெளியவில்லை? சட்டத்தை நிறைவேற்றுவதில் உள்ள இடர்ப்பாடுகள் என்று ஆறாம் அலகில் ஒரே வரியாகக் கிடக்கும் தலைப்பு, இவ்வினா எழும்போதுதான் உயிர் பெறுகிறது.

எட்டு அலகுகளும் இங்கு வந்துவிட்டன என்பதைக் கவனியுங்கள். நீர் என்னும் வளம் வந்தது, உயிர்கள் வந்தன, மாசு வந்தது, சட்டம் வந்தது, மக்கள் நலம் வந்தது. எதையும் திணிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று மற்றொன்றைக் கைபிடித்து அழைத்து வந்தது. ஒழுங்கு என்பது இதுவே.

எல்லாக் கல்லூரிக்கும் பாலாறு கிடைக்குமா என்று கேட்கலாம். திருப்பூர்க் கல்லூரிக்கு நொய்யல் உண்டு. சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையும் அங்குப் பாடமாகும். சென்னைக் கல்லூரிக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உண்டு. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. மறுபக்கம் 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் நிலங்களின் வரிசையில் சேர்ந்த பறவைப் புகலிடம். கடலூர் மாவட்டத்தார்க்குப் பிச்சாவரம் உண்டு. ஏரியோ, கல்லுடைக்கும் குவாரியோ, குப்பைமேடோ அருகில் இல்லாத கல்லூரி எது?

அறிக்கைகளை நகலெடுக்கும் தீமைக்கும் இதில் மருந்துண்டு. ஒவ்வோர் ஆண்டு மாணவரும் அதே இருபது கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து ஒரே பேரேட்டில் எழுதி வரட்டும். சென்ற ஆண்டுக் கணக்கு இந்த ஆண்டிற்குப் பொருந்தாது. ஆகவே, நகலெடுத்துப் பயனில்லை. பத்தாண்டு கழிந்தால் அப்பேரேடு ஊராருக்கும் அதிகாரிகளுக்கும் பயன்படும் சான்றாகிவிடும். தான் எழுதுவது குப்பைக்குச் செல்லாது என்றறிந்த மாணவன் பொய்யெழுத மாட்டான்.

முதல், கரு, உரி

இடத்தை முதலில் வைக்கும் இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணைக்குரிய பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கம். நிலமும் காலமும் முன்னே. அவற்றில் தோன்றும் உயிரும் தொழிலும் அடுத்து. மனித வாழ்வு அவற்றின் மேல்.

இதைக் கொண்டு, இக்கால அறிவியல் முழுவதும் அன்றே நம்மிடம் இருந்தது என்று பெருமை பேசுதல் அறிவுடைமை ஆகாது. திணை இலக்கணம் கவிதைக்காக வகுக்கப்பட்டது, குரோமியத்தை அளப்பதற்கன்று. ஆயினும், பலவற்றை ஒன்றாகக் கற்பிக்கப் புகுவோர்க்கு அதன் வரிசைமுறை ஒரு பாடம். பறவையையும் தொழிலையும் இசையையும் ஒரே இடத்தில் வைத்தும் அங்குக் குழப்பம் நேரவில்லை. நிலம் என்னும் கயிறு அவற்றைக் கோத்து நிற்பதே காரணம்.

2020ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கைக்கேற்ப, மானியக் குழு 2023இல் சுற்றுச்சூழற் கல்விக்குப் புதிய வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பருவநிலை மாற்றத்திற்குத் தனிப் பகுதி கிடைத்தது. உடன்படிக்கைகளுக்கும் சட்டங்களுக்கும் தனிப் பகுதி கிடைத்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், கள ஆய்வு அங்கும் இறுதி வரிசையிலேயே அமர்ந்திருக்கிறது. வீட்டிற்குச் சுண்ணாம்பு அடித்தனர். வாயில் இருக்கும் இடத்தை மாற்றவில்லை.

நமக்கு இதில் என்ன?

அயல்நாட்டுப் பாடத்திட்டத்தை ஆராய்ந்து மலேசியத் தமிழர்க்கு ஆவதென்ன என்று அன்பர் சிலர் வினவலாம். 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிட்டோமா? கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினர். அதிலிருந்து எழுந்த ஆவியால் பள்ளிச் சிறுவர் உட்பட ஆயிரக்கணக்கானோர் நோயுற்றுச் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நீர், காற்று, தொழில், சட்டம், உடல்நலம் என்று தனித்தனி அலகுகளாகப் படித்த ஒருவன், அந்த ஒரு வாரத்தில் நடந்ததை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியுமா? பேரிடர் அலகு அலகாக வருவதில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் வருகிறது. கல்வியும் அவ்வாறே ஒன்றாக வந்தாலன்றி அதனை எதிர்கொள்ள உதவாது. சுற்றுச்சூழல் பற்றிய பாடங்களை நடத்தும் நம் நாட்டுக் கல்லூரிகளும், அவற்றில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

பாடத்தைக் குறை கூறும் மாணவனைச் சோம்பேறி என்று ஒதுக்குவது எளிது. உண்மையில், சோம்பேறி குறை கூறுவதில்லை. இரண்டு மதிப்பெண் விடைகளை எழுதித் தேர்ச்சி பெற்றுச் செல்வது அவனுக்கு வசதியாகவே உள்ளது. ஒழுங்கில்லை என்று வருந்துபவன் எதையோ எதிர்பார்த்து வந்தவன். கல்லூரிக்குக் கிடைத்த நல்ல மாணவன் அவனே. நீதிமன்றம் தேடிய குடிமகனும் அவனே. அவனை இழத்தல் ஆகாது.

அதற்குப் பெரும் பொருட்செலவோ புதிய கட்டடமோ தேவையில்லை. எட்டாம் அலகை முதல் அலகாக்குங்கள். முதல் வகுப்பை ஆற்றங்கரையில் நடத்துங்கள். வேதியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்தே அழைத்துச் செல்லட்டும். மாணவர் அங்குக் கேட்கும் வினாக்களே மற்ற ஏழு அலகுகளையும் வரிசைப்படுத்தித் தரும்.